பெயிண்ட்பால் துப்பாக்கிக்குக் காற்று போகும் வழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார நாளில் நான் செம்பனை ஆலையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமையானால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய கித்தா (ரப்பர்) தோட்டத்து ஓரத்தில் இருக்கும் பெயிண்ட்பால் (பெயிண்ட் அடைத்த குண்டால் ஒருவரை ஒருவர் சுடும் ஆட்டம்) திடலில் வாடகைத் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறேன். பத்துத் துப்பாக்கி மேசைக்கு வந்தால் ஏழெட்டுக்கு ஒரே வியாதிதான்: காற்று எங்கேயோ கசிகிறது. சுடும் பாகத்தில் கோளாறு குறைவு. காற்று அடைத்த பாட்டிலுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் இருக்கும் நாலைந்து இணைப்புகளில்தான் எல்லா வம்பும். தம்பிகள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏஎஸ்ஏ ஏஎஸ்ஏ என்கிறீர்களே, அது எந்தப் பாகம்?

பாட்டிலைத் திருகி ஏற்றும் அந்தக் குழிதான். பெரும்பாலும் கைப்பிடியின் அடியில் இருக்கும். சில பழைய துப்பாக்கிகளில் உடம்பின் பின்னாலேயே இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன முளை தெரியும். பாட்டில் வால்வின் தலையிலும் ஓர் ஊசி உண்டு. பாட்டிலைத் திருகத் திருக இந்த முளை அந்த ஊசியை அழுத்தும், வால்வு திறக்கும். சைக்கிள் டியூப் வால்வில் நகத்தை வைத்து அழுத்தினால் காற்று வருகிறதே, அதே கதை. இங்கே அழுத்தம் மட்டும் பல மடங்கு.

அந்தக் குழியின் மரை 0.825 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுற்று. சிஓடூ (கரியமில வாயு) பாட்டிலானாலும் அழுத்தக் காற்று பாட்டிலானாலும் இதே மரைதான். அதனால் யாருடைய பாட்டிலும் யாருடைய துப்பாக்கியிலும் ஏறும். வசதிதான். ஆனால் ஏறிவிட்டது என்பதற்காக அது அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஆரம்பத்தில் இந்தக் குழியே கிடையாது. 1981 ஜூனில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் முதல் ஆட்டம் ஆடியபோது கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007. மரத்துக்கும் மாட்டுக்கும் பெயிண்ட் அடையாளம் போடச் செய்த துப்பாக்கி அது. 12 கிராம் சிஓடூ குப்பியைச் செருகிச் சுட வேண்டும், தீர்ந்தால் அடுத்த குப்பி. பெரிய பாட்டிலை மாட்டும் பழக்கம் பிறகு வந்தது. மரத்துக்குப் பெயிண்ட் அடிப்பதைத் தோட்டத்தில் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஆட்டத்தில் முதலில் பிடித்ததே இந்தக் கதைதான்.

எந்த இணைப்பில் டேப் சுற்றணும், எதில் சுற்றக் கூடாது?

இது ஒன்று புரிந்துவிட்டால் என்னிடம் வரும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். காற்றை அடைப்பது எது என்று ஒவ்வொரு இணைப்பிலும் முதலில் பார்க்க வேண்டும். மரையே அடைக்கிறதா, ஓரிங் என்ற ரப்பர் வளையம் அடைக்கிறதா, குழாயை உள்ளே கவ்வும் வளையமா?

குழாய் முனையில் இருக்கும் சின்னப் பித்தளை ஃபிட்டிங்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மரை நுனியில் ஒல்லியாகவும் அடியில் பருமனாகவும் இருக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலில் உருட்டினால் தெரியும். இது கூம்பு மரை, என்பிடி என்பார்கள். திருகத் திருக ஆப்பு மாதிரி இறுகும். உலோகமும் உலோகமும் உரசும் இடத்தில் மயிரிழை இடைவெளி மிச்சம் இருக்கும் என்பதால் இதற்குத்தான் பூச்சு வேண்டும். நான் நீல லாக்டைட் போடுகிறேன். நுனியில் இரண்டு மரையை விட்டுவிட்டு மூன்றாவதில் ஒரு சொட்டு. ஓரிங் மேலும் பிளாஸ்டிக் மேலும் பட விடாதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, மறுநாள்தான் காற்று ஏற்றுவேன். வெள்ளை டேப்பும் அடைக்கும். ஆனால் அதன் பிசிறு ஒன்று கிழிந்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குள் போனால், அதைத் தேடிப் பிடிக்கப் பூதக்கண்ணாடியும் பொறுமையும் வேண்டும். எனக்கு இரண்டும் குறைவு.

பாட்டில் ஏறும் ஏஎஸ்ஏ மரை நேர் மரை. அங்கே மரை பாட்டிலைப் பிடித்துக்கொள்வதோடு சரி, அடைப்பது வால்வு முகத்தில் உட்கார்ந்திருக்கும் ஓரிங். ஆகவே அங்கே டேப் சுற்றுவதால் நயா காசுக்குப் பிரயோசனம் இல்லை. கசிகிறது என்று ஸ்பேனரைப் போட்டு இறுக்குவதும் அப்படித்தான். ஓரிங் கிழிந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். நல்ல ஓரிங் என்றால் கையால் இறுக்கினால் போதும்.

மூன்றாவது வகை, மேக்ரோலைன் என்ற நைலான் குழாயைத் தள்ளிச் செருகும் ஃபிட்டிங். உள்ளே ஓர் ஓரிங் அடைக்கிறது, பல் வைத்த வளையம் குழாயைக் கவ்வுகிறது. இங்கே ஸ்பேனருக்கு வேலையே இல்லை.

1/8 அங்குலம் என்றால் 3 மில்லிமீட்டர்தானே? என் ஃபிட்டிங்கை அளந்தால் 10 வருகிறதே?

1/8 என்பது குழாய்க்கு வைத்த பெயர். மரையின் வெளி விட்டம் கிட்டத்தட்ட 10.3 மில்லிமீட்டர். உங்கள் அளவுகோல் சரிதான்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. நம் ஊர் இரும்புச் சாமான் கடையில் 1/8 ஃபிட்டிங் கேட்டால் தவுக்கே (கடைக்காரர்) எடுத்துத் தருவது பெரும்பாலும் பிரிட்டிஷ் மரை, பிஎஸ்பி. நம் தண்ணீர்க் குழாய், பைப்பு எல்லாம் அந்த வழி. பெயிண்ட்பால் துப்பாக்கி அமெரிக்க வழி, என்பிடி. பிஎஸ்பிக்கு அங்குலத்துக்கு 28 மரை, என்பிடிக்கு 27. மரையின் கோணமும் வேறு: 55 பாகை, 60 பாகை. இரண்டு சுற்று சமத்தாக ஏறும், மூன்றாவதில் முரண்டு பிடிக்கும். ‘இறுகிவிட்டது’ என்று நினைத்து இன்னும் அழுத்தினால் அலுமினிய உடம்பின் மரைதான் வழித்துக்கொண்டு போகும். பித்தளை ஃபிட்டிங்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். துப்பாக்கி உடம்பில் மரை போனால் என்ன செய்வது?

அண்ணே, ஆலை ஸ்டோரில் காற்றுக் குழாய் ஃபிட்டிங் எவ்வளவோ கிடக்குமே, ஒன்று எடுத்து வாங்களேன்?

இந்தக் கேள்வி வாராவாரம் வருகிறது. எடுத்து வர மாட்டேன், திருட்டு என்பதற்காக மட்டும் இல்லை. ஆலையில் சிலிண்டரைத் தள்ளும் காற்றின் அழுத்தம் 6, 7 பார். அந்த ஃபிட்டிங்குகள் சாதாரணமாக 10 பாருக்குச் செய்தவை, அதாவது சுமார் 150 பிஎஸ்ஐ. துப்பாக்கியின் குழாயில் ஓடுவது 850 பிஎஸ்ஐ, கிட்டத்தட்ட 59 பார். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு சாமானுக்கும் இடையில் ஆறு மடங்கு வித்தியாசம்.

குழாய் அளவும் பொருந்தாது. ஆலையில் 6 மில்லிமீட்டர் குழாய். மேக்ரோலைன் கால் அங்குலம், 6.35. அந்த 0.35 போதும், ஆட்டத்தின் நடுவில் குழாய் கழன்று சாட்டை மாதிரி முகத்தில் அடிக்க.

மேக்ரோலைனா, இரும்புப் பின்னல் குழாயா?

அழுத்தக் காற்றுக்கு மேக்ரோலைன் போதும். இலேசானது, வளைத்துக்கொள்ளலாம், கழற்றி மாட்ட ஸ்பேனர் வேண்டாம். சிஓடூ பயன்படுத்தினால் பின்னல் குழாய்தான். சிஓடூ சில சமயம் திரவமாகவே குழாய்க்குள் வந்துவிடும். அந்தக் குளிரில் நைலான் விறைத்து, நாளாக ஆக வெடிப்பு விடும்.

மேக்ரோலைனில் எல்லாம் வெட்டில்தான் இருக்கிறது. வெட்டு முகம் நேராக, தட்டையாக இருக்க வேண்டும். நான் முதல் முதலில் வெட்டியபோது கையில் ஒன்றும் கிடைக்காமல் தாத்தாவின் ரப்பர் பால் வெட்டும் கத்தியை எடுத்தேன். ஆணியில் தொங்கிய கத்தி, இன்னும் கூர் போகவில்லை. ஆனால் அது மரப்பட்டையைச் சாய்வாகச் சீவுவதற்கென்றே வளைத்த கத்தி. குழாயையும் சாய்வாகத்தான் சீவியது. செருகினேன், பிடித்தது. காற்றைத் திறந்தேன். வெட்டின் நீண்ட பக்கம் ஓரிங்கைத் தாண்டி இருந்தது, குட்டைப் பக்கம் எட்டவில்லை. ‘ஸ்ஸ்’ என்று ஆரம்பித்து மூன்று நொடியில் குழாய் பிய்த்துக்கொண்டது. பக்கத்தில் படுத்திருந்த நாய் அதற்குப் பிறகு ஒரு மாதம் கொட்டகைப் பக்கமே வரவில்லை. குழாய் வெட்டும் கருவி சின்னதாக விற்கிறது. இல்லாவிட்டால் புது பிளேடை வைத்து, மரக்கட்டை மேல் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். அறுக்காதீர்கள். பிசிறைச் சுரண்டிவிட்டு, அடியில் முட்டும் வரை செருகி, ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.

கழற்றும்போது குழாயின் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, வளையத்தை உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு உருவுங்கள். வளையம் அழுந்த மறுத்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். பலாத்காரம் வேண்டாம்.

பாட்டிலைக் கழற்றும்போதெல்லாம் ‘டுப்’ என்று வெடித்து ஓரிங் பறக்கிறது. ஏன்?

குழாயில் காற்று இருக்கும்போதே முழுக்கத் திருகிவிடுகிறீர்கள், அதனால்தான். துப்பாக்கியின் வாய்க்கு உறை போட்டு, ஆளில்லாத பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். பாட்டிலை முக்கால் சுற்று மட்டும் மெதுவாகத் திருப்புங்கள், ஊசி மூடிவிடும். குண்டு இல்லாமல் சுட்டுச் சுட்டுக் குழாயைக் காலி செய்யுங்கள். சத்தம் செத்துவிட்டது என்று தெரிந்த பிறகு மீதியைத் திருகினால் பாட்டில் பூப்போலக் கழன்று வரும்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் ஆன்-ஆஃப் ஏஎஸ்ஏ வாங்குங்கள். குமிழைத் திருப்பினால் பாட்டில் வால்வை மூடி, குழாயில் மிஞ்சிய காற்றை ஒரு சின்ன ஓட்டை வழியாக வெளியே விடும். என் கருத்தில் துப்பாக்கிக்குச் செய்ய வேண்டிய முதல் செலவு இதுதான், நீண்ட குழலும் பளபளப்பும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாட்டும்போது குமிழ் மூடிய நிலையில் இருக்க வேண்டும். பாட்டிலை முழுக்க ஏற்றிய பிறகே திறங்கள்.

ஓரிங் அளவு 015. பாலியூரிதேன் வகையாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கறுப்பு ரப்பருக்குள் சிஓடூ புகுந்து ஊதிவிடும், பாட்டிலைக் கழற்றியதும் கொப்புளம் மாதிரி வெடிக்கும். பையில் ஐந்தாறு எப்போதும் இருக்கட்டும்.

நம் ஊர் வெயிலுக்கு சிஓடூ நல்லதா, காற்று நல்லதா?

காற்று. சந்தேகமே இல்லை.

காரணத்தைச் சொல்கிறேன். சிஓடூ பாட்டிலுக்குள் பாதி திரவம், பாதி ஆவி. அழுத்தத்தை முடிவு செய்வது வெயில். 20 பாகை செல்சியஸில் சுமார் 830 பிஎஸ்ஐ. நம் காலைப் பொழுதின் 25 பாகையில் சுமார் 930. 30 பாகையில் 1,040ஐத் தாண்டும். 31.1 பாகைக்கு மேலே திரவம், ஆவி என்ற பிரிவே போய்விடும். அதன் பிறகு அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது பாட்டிலில் எவ்வளவு நிரப்பினீர்கள் என்பதைப் பொறுத்தது. குளிர்நாட்டுக்காரர்களுக்கு 31 பாகை என்றால் கோடையில் எப்போதாவது வரும் நாள். நமக்கு அது வெறும் மத்தியானம். காலையில் 280 அடி வேகத்தில் சரிபார்த்த துப்பாக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு 300ஐத் தாண்டுவதை எத்தனையோ தடவை அளந்திருக்கிறேன். பெரும்பாலான திடல்களில் நொடிக்கு 300 அடி என்பது உச்ச வரம்பு. சிஓடூ வைத்திருப்பவர்களை மத்தியானம் மறுபடி வேகமானி முன்னால் நிறுத்துவது அதனால்தான், கோபிக்க வேண்டாம்.

அதே நேரத்தில் சடசடவென்று சுட்டால் ஆவியாகும் குளிரில் பாட்டில் வியர்த்து, அழுத்தம் இறங்கும். ஏறினாலும் தொல்லை, இறங்கினாலும் தொல்லை. அழுத்தக் காற்று பாட்டிலில் ரெகுலேட்டர் சேர்ந்தே வருவதால் உள்ளே 3,000 இருந்தாலும் 1,000 இருந்தாலும் வெளியே வருவது ஒரே அளவு.

சிஓடூவுக்கு ஒரு நல்ல பெயரும் சொல்ல வேண்டும்: பாட்டில் மலிவு. நிரப்பியதை எடை போட்டே சரிபார்க்கலாம், 20 அவுன்ஸ் பாட்டில் என்றால் வாயு 567 கிராம். காலிப் பாட்டிலின் எடையை முதலில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் தராசில் நிறுத்திப் பார்த்து, கூட இருந்தால் கொஞ்சம் வெளியேற்றச் சொல்லலாம். அதிகமாக நிரப்பிய பாட்டிலைப் போல ஆபத்து வேறு இல்லை.

டயர் கடை கம்ப்ரசரில் நிரப்பலாமா?

முடியாது. அது 120, 150 பிஎஸ்ஐயோடு நின்றுவிடும். அலுமினியப் பாட்டில் 3,000 வரை, கார்பன் நார் சுற்றியது 4,500 வரை. பாட்டிலில் ‘48/3000’ என்று எழுதியிருந்தால் 48 கன அங்குலம் கொள்ளும், 3,000 பிஎஸ்ஐ தாங்கும் என்று பொருள். வெளியே விட்டால் ஏறக்குறைய 160 லிட்டர் காற்று அதற்குள் அடங்கியிருக்கிறது. இதை நிரப்ப முக்குளிப்பவர்களின் சிலிண்டரை நிரப்பும் வகை கம்ப்ரசர் வேண்டும்.

மெதுவாக நிரப்புங்கள். வேகமாக ஏற்றினால் காற்று சூடாகி முள் 3,000 காட்டும், ஆறியதும் 2,700க்கு இறங்கும், ‘கசிகிறது’ என்று என்னிடம் கொண்டுவருவீர்கள். நிரப்பும் முனையில் எண்ணெயோ கிரீஸோ தொடவே கூடாது. அந்த அழுத்தத்தில் காற்று திடீரென்று நெருக்கப்பட்டால் எண்ணெய் தீப்பிடிக்கும். டீசல் என்ஜின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நண்பரின் பாட்டிலை மாட்டினால் என் துப்பாக்கி இரண்டு குண்டு சுட்டுவிட்டு இருமுகிறது. பாட்டில் புதுசு.

மேலே சொன்ன வம்பு இதுதான். மரை ஏறியது, அழுத்தம் பொருந்தவில்லை. காற்று பாட்டில்களில் வெளியீடு 850 தருவதும் உண்டு, 450 தருவதும் உண்டு, இன்னும் குறைவாகவும் உண்டு. டிப்மன் 98 போன்ற வாடகைத் துப்பாக்கிகள் 850ஐ எதிர்பார்க்கின்றன. 450ஐக் கொடுத்தால் சுத்தியல் பின்னால் போய்ச் சிக்கிக்கொள்ளாமல் திரும்பத் திரும்ப அடிக்கும். ரெகுலேட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

எங்கே கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புது கேஸ் தோம்பு மாட்டியதும் அம்மா என்ன செய்வார்? சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பார். அதேதான். பாத்திரம் கழுவும் சோப்பு, கொஞ்சம் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ். பாட்டில் பக்கமிருந்து ஆரம்பித்து ஒவ்வோர் இணைப்பாக வாருங்கள். குமிழி பெரிதாக ஊதினால் ஓரிங், நுண்ணிய நுரையாகப் பொங்கினால் பெரும்பாலும் மரை. குழலின் வாய் வழியாகக் காற்று வந்தால் அது வெளி இணைப்பு இல்லை, உள்ளே வால்வை அடைக்கும் சீல் போயிருக்கிறது. விரலை வைத்துத் தேடாதீர்கள், முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

பையன் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவருகிறான். வெடிக்குமா தம்பி?

ஆன்ட்டி, பாட்டிலுக்கே ஒரு பாதுகாப்பு இருக்கிறது. வால்வின் பக்கவாட்டில் திருகாணி மாதிரித் தெரியும் இடத்தில் மெல்லிய உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். அழுத்தம் எல்லை மீறினால் பாட்டில் உடைவதற்கு முன் அந்தத் தகடு கிழிந்து வாயு வெளியேறிவிடும். அந்தத் திருகாணியை அவன் நோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் வைக்க வேண்டாம், அடுப்புப் பக்கமும் வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. பாட்டிலைத் துப்பாக்கியிலிருந்து கழற்றும்போது, ஏஎஸ்ஏயிலிருந்து கழல வேண்டியது கழலாமல், வால்வே பாட்டிலிலிருந்து கழலுவது. அமெரிக்காவில் இப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். வாயு மிச்சம் இருக்கும் பாட்டில் ராக்கெட் மாதிரி பாயும். இதற்கு மருந்து அம்பது காசு: வால்விலிருந்து பாட்டில் கழுத்து வரை நகப்பூச்சால் நேராக ஒரு கோடு போட்டு வையுங்கள். கழற்றும்போது கோடு உடைந்து விலகினால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். உங்கள் மகளிடம் சிவப்புப் பூச்சு இருக்கும்.

ஆன்லைனில் துப்பாக்கியும் பாட்டிலும் வாங்கலாமா?

ஃபிட்டிங், ஓரிங், குழாய் வாங்குங்கள். துப்பாக்கி என்றால் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிற நாடு இது. பணம் கட்டுவதற்கு முன் போலீஸ் பாலாயில் (நிலையத்தில்) போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

மாமா வீட்டுப் பரணில் பழைய பாட்டில் ஒன்று கிடந்தது. நிரப்பிப் பார்க்கலாமா?

முதலில் கழுத்துப் பக்கம் குத்தியிருக்கும் மாதத்தையும் வருஷத்தையும் படியுங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணீர் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். கார்பன் நார் பாட்டிலுக்கு ஆயுளே பதினைந்து வருஷம்தான். அலுமினியத்தில் ஆழமான கீறல், பள்ளம், நாரில் பிசிறு, இதில் எது இருந்தாலும் சோதனைக்குக்கூட அனுப்ப வேண்டாம். யாராவது பெயிண்டைச் சுரண்டிச் சூடு வைத்துப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தாலும் அதே தீர்ப்புதான், சூடு பட்ட அலுமினியம் பலம் இழந்துவிடும்.

போன வருஷம் ஒரு பையன் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தான். பளபளவென்று தங்கக் கலர், தேதி 2003. காற்றில்லை என்று உறுதி செய்துகொண்டு வால்வைக் கழற்றி, பக்கவாட்டில் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். அவன் முகம் வாடிவிட்டது, வேண்டாம் என்று விட்டுப் போய்விட்டான். இப்போது அது எங்கள் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது.